கள்ளுக்குத் தாண்டிய எல்லையைக் கூட்டத்துக்கும் தாண்டலாம்

பாலக்காட்டு எல்லையில் உள்ள மீனாட்சிபுரம் பக்கம் தென்னந்தோப்பில் வேலை பார்க்கும் 41 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பதினைந்து வருடக் குடி. காலையில் எழுந்தால் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நிற்கிறது. இனி முடியாது, நிறுத்த வேண்டும். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டம் என்று சொல்கிறார்களே, அது எங்கே நடக்கிறது, தமிழில் நடக்குமா, ஊருக்குத் தெரிந்துவிடுமா, போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும் என்பது கேள்வி.

தம்பி, நான் பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். 11 வருடமாக அந்தக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அதனால் ஓரளவு விவரமாகவே சொல்கிறேன். பெயர் போடவில்லை. பொதுவெளியில் உறுப்பினர்கள் தங்கள் பெயரைச் சொல்லிக்கொள்வதில்லை என்பது அங்கே உள்ள மரபு.

முதலில் அந்தக் கை நடுக்கம். கூட்டத்துக்கு முன்னால் நீங்கள் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: மேலே பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆள் வாசலில் நிற்கிறார் என்பார்கள், காய்ச்சல் ஏறும். அது உயிரை எடுக்கக்கூடிய நிலை. 'வைராக்கியமாக நிறுத்தினான், மூன்றாம் நாள் பேய் பிடித்துவிட்டது' என்று நம் ஊர்களில் சொல்லும் கதைகளில் பல இதுதான். மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தை விட்டுவிடுகிறார்கள்.

மனநல மருத்துவரிடம் போனால் சில நாட்களுக்கு மாத்திரை கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இந்த ஆபத்தைக் கடக்க வைப்பார். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினும் தருவார். நெடுநாள் குடித்தவர்களுக்கு அது குறைந்து மூளையே பாதிக்கப்படும் என்பதால் அதைச் சாதாரண சத்து மருந்து என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பாலக்காடு மாவட்ட மருத்துவமனை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. எது பக்கமோ அங்கே போங்கள். டாக்டரிடம் அளவை மட்டும் குறைத்துச் சொல்லாதீர்கள். தினம் இரண்டு குவார்ட்டர் என்றால் இரண்டு குவார்ட்டர் என்றே சொல்லுங்கள். மாத்திரையின் அளவு அதை வைத்துத்தான் முடிவாகிறது. அரை குவார்ட்டர் என்று கூச்சப்பட்டுச் சொன்னால் மருந்து போதாமல் வலிப்பு வருவது உங்களுக்குத்தான்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. நம் பக்கத்தில் 'நான் பிராந்தி தொடுவதில்லை, கள்ளு மட்டும்தான்' என்பது ஒரு பெரிய ஆறுதல். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்கா தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. நமக்கு அது குடி மாதிரியே தெரியாது, தோட்டத்து விளைச்சல் மாதிரித் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கள்ளில் 5, 6 சதவீதம் என்று வைத்தால் ஒரு லிட்டரில் 40 முதல் 47 கிராம் வரும். இரண்டு லிட்டர் கள் குடித்தவர் ஒன்றரைக் குவார்ட்டர் குடித்தவர்தான். ஈரலுக்கும் நரம்புக்கும் மரம் தெரியாது. கூட்டத்தில் கள்ளுக் குடிகாரர், பிராந்திக் குடிகாரர் என்று பிரித்து யாரும் கேட்கப்போவதில்லை. நீங்களும் அந்தக் கணக்கை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சரி, கூட்டம் எங்கே?

எல்லையில் இருப்பதால் உங்களுக்கு இரண்டு மாநிலத்து வழிகளும் திறந்திருக்கின்றன. கேரள அரசின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்திக்கு 14405 என்ற இலவச எண் இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய எண் 14446. மனசு தாங்காமல் பேச ஆள் தேவைப்படும் நேரத்துக்கு 14416, டெலி மானஸ். அதில் தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. இந்த எண்களை அழைத்தால் சிகிச்சைக்கு வழி சொல்வார்கள். ஏ.ஏ. என்பது அரசுடையது அல்ல, தனி அமைப்பு. ஆகவே, 'எங்கள் பக்கத்தில் ஏ.ஏ. குழு எந்தக் கிழமை, எங்கே கூடுகிறது, யாரை அழைக்க வேண்டும்' என்று நேராகவே கேளுங்கள். ஏ.ஏ. அமைப்புக்கு மும்பையில் பொதுச்சேவை அலுவலகம் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்ட விவரம் போடுகிறார்கள். மகனோ மகளோ போனில் பார்த்துச் சொல்லட்டும்.

என் அனுபவத்தில் இதைவிடச் சுலபமான வழி, மனநல வார்டில் இருக்கும் நர்ஸிடமோ கவுன்சலரிடமோ கேட்பது. பல மருத்துவமனைகளுக்கு ஏ.ஏ. நண்பர்களே வந்து, நோயாளிகளோடு உட்கார்ந்து கூட்டம் நடத்திவிட்டுப் போவார்கள். நீங்கள் கட்டிலில் படுத்திருக்கும்போதே முதல் கூட்டம் உங்களைத் தேடி வந்துவிடும். மற்றபடி கூட்டங்கள் பெரும்பாலும் சர்ச்சுக்குப் பக்கத்து அறை, பள்ளிக்கூட வகுப்பு, ஆஸ்பத்திரி ஹால் இப்படி எங்காவது நடக்கும். சர்ச் வளாகம் என்றதும் மதம் மாற்றும் கூட்டம் என்று பயப்பட வேண்டாம். இடம் கிடைத்தது, அவ்வளவுதான். இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் தடவை தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் கடைக்குள் நுழைந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

ஊருக்குத் தெரியுமா என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். எனக்கும் அதுதான் பெரிய பயம். குடித்து ரோட்டில் கிடந்தபோது வராத வெட்கம், நிறுத்தப் போகும்போது வந்தது. ஏனென்றே இன்றுவரை எனக்குப் புரியவில்லை, ஆனால் வந்தவர்கள் எல்லோருக்கும் அது இருந்திருக்கிறது.

நம் பக்கத்து ஆட்களுக்கு எல்லை என்பது குடிக்கத் தெரிந்த வழி. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை, அதனால் கள் வேண்டுமென்றால் கோபாலபுரம் தாண்டி அந்தப் பக்கம். கேரளத்தில் மாதம் பிறக்கும் 1-ஆம் தேதி பெவ்கோ என்ற அரசு மதுக்கடை மூடல், அதனால் அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கத்து டாஸ்மாக்குக்கு. திருவள்ளுவர் நாளிலும் வள்ளலார் நாளிலும் டாஸ்மாக் மூடினால் நாம் அந்தப் பக்கம். எந்தத் தேதியில் எந்தக் கடை திறந்திருக்கும், எந்த பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் காலண்டர் பார்க்காமலே எனக்குத் தெரியும். நிறுத்த நினைத்தபோது அந்த அறிவைத்தான் பயன்படுத்தினேன். பொள்ளாச்சியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று முதல் கூட்டத்துக்குப் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். நீங்கள் அந்தப் பக்கம் இருப்பவர், தெரிந்த முகம் வேண்டாம் என்றால் கோவைக்கு வாருங்கள். யாரும் முகவரி கேட்க மாட்டார்கள். பெயரைக்கூட நீங்கள் விரும்பிய பெயராகச் சொல்லலாம். பதிவேடு இல்லை, கையெழுத்து இல்லை, சாதி, வேலை பற்றிய விசாரிப்பு இல்லை. 'இங்கே கேட்டது இங்கேயே இருக்கட்டும்' என்று சொல்லித்தான் கூட்டத்தை முடிப்பார்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதி பயம், அதையும் சொல்லிவிடுகிறேன். பத்து, பதினைந்து நாற்காலி. ஒரு மேசை, தேநீர். ஒருவர் கூட்டத்தை நடத்துவார். அவரும் குடிநோயாளிதான், டாக்டரோ அதிகாரியோ கிடையாது. ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு சிறிய அறிமுகத்தை வாசிப்பார்கள். அதில் ஒரு வரி உங்களுக்கு முக்கியம்: சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பெயரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று ஆரம்பித்து, தனக்கு நடந்ததைச் சொல்வார்கள். ஷேரிங் என்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை, வாதாடுவதில்லை. உங்கள் முறை வந்தால், 'இன்று கேட்கத்தான் வந்தேன்' என்றால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். நடுவில் ஒரு பை அல்லது தட்டு சுற்றி வரும். புதியவர் போடத் தேவையில்லை. அந்தச் சில்லறையில்தான் வாடகையும் தேநீரும் நடக்கின்றன. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில், மனஅமைதி வேண்டி ஒரு சிறு பிரார்த்தனையோடு முடியும்.

கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. திறந்த கூட்டத்துக்கு மனைவியோ, அண்ணனோ, யார் வேண்டுமானாலும் கூட வரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் திறந்த கூட்டம் எது என்று போனில் கேட்டுக்கொண்டு போங்கள்.

யாராவது சேர்க்கைக் கட்டணம் கேட்டாலோ, மருந்துப் பொடி விற்றாலோ, 'எங்கள் சென்டரில் படுங்கள்' என்று வற்புறுத்தினாலோ, அது ஏ.ஏ. அல்ல. எழுந்து வந்துவிடுங்கள்.

மொழியைப் பற்றிக் கேட்டீர்கள். கோவையில் தமிழில் நடக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் மலையாளம்தான். ஆனால் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பாதிக்குப் பாதி தமிழ் பேசுகிற ஊர்களில் வளர்ந்த நமக்கு அது ஒரு தடையே இல்லை. நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், அவர்களுக்குப் புரியும். என் முதல் கூட்டத்தில் ஒரு வயதானவர் மலையாளத்தில் பேசினார். வேகமாகப் பேசியதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் பாட்டிலை ஒளித்து வைப்பதைப் பற்றிச் சொன்னார். தண்ணீர் பாய்ச்சப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குப் போவாராம். நானும் அதே இடத்தில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால்தான் வைத்திருந்தேன். என் மனைவிக்குத் தெரியாதது, என் அம்மாவுக்குத் தெரியாதது, முன்பின் பார்க்காத ஒரு மனிதர் வாயிலிருந்து வந்தது. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் போனேன்.

இந்த அமைப்பு தொடங்கியதே இப்படித்தான். 1935-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் ஊரில், குடிக்காமல் தாக்குப்பிடிக்கத் தவித்த பில் என்ற பங்குச்சந்தைக்காரர், இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் தனக்கு அன்றைய நாள் தப்பும் என்று தேடிப்போய்ப் பாப் என்ற அறுவை சிகிச்சை டாக்டரைச் சந்தித்தார். புத்தி சொல்லப் போகவில்லை, தன் கதையைச் சொன்னார். பாப் கடைசியாகக் குடித்த நாள் என்று ஜூன் 10-ஐ வைத்துக்கொண்டு, அதையே அமைப்பின் பிறந்த நாளாகக் கணக்கிடுகிறார்கள். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகள் எல்லாம் பின்னால் வந்தவை. முதலில் இருந்தது இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியது மட்டும்தான்.

அந்தப் படிகளில் இறைவன் என்ற சொல் வரும். சாமி கும்பிடாதவர்கள் அதில் முரண்டு பிடிப்பார்கள், நானும் பிடித்தேன். 'நம்மைவிடப் பெரிய சக்தி', 'அவரவர் அறிந்த இறைவன்' என்றுதான் அங்கே சொல்கிறார்கள். பழநி முருகனாக இருக்கலாம், அல்லாவாக இருக்கலாம், அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேராகவும் இருக்கலாம். பல வருடம் எனக்கு அந்தப் பத்துப் பேர்தான்.

புதிதாக வருபவரிடம் 90 நாளில் 90 கூட்டம் போங்கள் என்பார்கள். பெரிய நகரத்தில் அது நடக்கும். தோப்பு வேலை செய்துகொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஆளுக்கு நடக்காது. அதனால் மனம் தளர வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் பாலக்காடு, முடிந்தால் இன்னொரு நாள் கோவை, மீதி நாட்களில் போனில் நடக்கும் இணையவழித் தமிழ்க் கூட்டம் என்று கலந்து போங்கள். ஆனால் ஒரே ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு 'இது நமக்கு ஆகாது' என்று முடிவு செய்யாதீர்கள். குழுவுக்குக் குழு குணம் வேறு. ஆறு கூட்டமாவது, இரண்டு மூன்று குழுக்களிலாவது உட்கார்ந்து பாருங்கள்.

என்னைக் கேட்டால், கூட்டத்தைவிடக் கூட்டம் முடிந்த பிறகு வரும் அரை மணி நேரம் பெரிது. எல்லோரும் பக்கத்து பேக்கரியில் டீ குடிக்க நிற்பார்கள். பஸ்ஸைக் காரணம் சொல்லி நழுவாதீர்கள். அங்கேதான் போன் நம்பர் கிடைக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு நாக்கு ஊறும்போது, குடிப்பதற்கு முன் ஒருவரை அழைத்துப் பேசிவிடுவது என்ற பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. கொஞ்ச நாள் போனதும் அவர்களில் ஒருவரை ஸ்பான்சராக இருக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். அவர் வழி காட்டுபவர். கடன் கேட்காதீர்கள், கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.

இதனால் பலன் உண்டா என்று படித்தவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரை வைத்து அலசியது. முறையாக ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில், ஒரு வருடம் கழித்தும் முழுதாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 100-க்கு 42 பேர். மனநலச் சிகிச்சை போன்ற மற்ற முறைகளில் 35 பேர். எல்லோருக்கும் பலிக்கும் மந்திரம் இல்லை, ஆனால் காசில்லாமல் கிடைக்கும் ஒன்றுக்கு இது சின்ன விஷயமும் இல்லை. குடி ஆசையைக் குறைக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன. டாக்டர் எழுதித் தந்தால் சாப்பிடுங்கள். 'மாத்திரை சாப்பிட்டால் அது உண்மையான நிறுத்தல் இல்லை' என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்க வேண்டாம். மருந்தை முடிவு செய்வது டாக்டர்.

உங்கள் மனைவி இதைப் படித்தால் அவருக்கும் இரண்டு வார்த்தை. அம்மா, 'அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்' என்று விற்கும் பொடியை வாங்கிவிடாதீர்கள். அப்படி விற்பவற்றில் டைசல்ஃபிராம் என்ற, குடியோடு சேர்ந்தால் உடம்பைப் படுத்தும் மருந்து கலந்திருக்கக்கூடும். அது தெரியாமல் உள்ளே போய், மேலே குடியும் போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து ஆள் போய்விடலாம். அந்த மருந்தைத் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும். அதேபோல, வேன் அனுப்பி ஆளைத் தூக்கிப்போகும் தனியார் இடங்கள். என்னை ஒருமுறை அப்படி ஓர் இடத்தில் போட்டார்கள். அடித்தார்கள், பூட்டி வைத்தார்கள். வெளியே வந்த அன்று மாலையே குடித்தேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடிநோய்ச் சிகிச்சையும் அடங்கும். பதிவு பெற்ற இடமா என்று கேட்பதும், மரியாதையாக நடத்தப்படுவதும் நோயாளியின் உரிமை. உங்களுக்கென்றே ஆல்-அனான் என்ற கூட்டம் இருக்கிறது, குடிநோயாளியின் குடும்பத்தாருக்காக 1951-இல் தொடங்கப்பட்டது. அவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் அதற்குப் போகலாம். இத்தனை வருடம் தூங்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள்.

நடுவில் தவறிவிட்டால்? நான் மூன்று கூட்டம் போய், 'சரியாகிவிட்டேன்' என்று விட்டு, ஏழு மாதம் குடித்தேன். திரும்பப் போனபோது வாசலில் காலெடுத்து வைக்க முடியவில்லை. மோட்டார் ரூம் கதை சொன்ன அந்தப் பெரியவர்தான் பார்த்துவிட்டு, 'வா மோனே, சாயா குடிக்கு' என்றார். எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்துதான் 11 வருடம். இதைச் சொல்வது, நீங்களும் தவறலாம் என்று அனுமதி கொடுக்க அல்ல. தவறினால் மறுநாளே திரும்பிப் போக வேண்டும், ஏழு மாதம் வீணாக்க வேண்டாம் என்பதற்காக. ஆனால் பழையபடி தினமும் குடிக்க ஆரம்பித்திருந்தால் மறுபடி ஆஸ்பத்திரி வழியாகத்தான் நிறுத்த வேண்டும், அதை மறக்காதீர்கள்.

என்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டீர்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பசியும் குடி ஆசையும் உடம்புக்கு ஒன்று போலத் தெரியும், இரண்டு பழமாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பஸ்ஸுக்குப் போக வரக் காசும் ஒரு டீக்குக் காசும் மட்டும் சட்டைப்பையில் இருக்கட்டும், மீதியை வீட்டில் கொடுத்துவிடுங்கள். திரும்பி வரும்போது, கடை இருக்கும் நிறுத்தத்தில் இறங்காதீர்கள். அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுத்து, இறங்கி, பின்னால் நடந்து வாருங்கள். முதல் ஆறு மாதம் நான் அப்படித்தான் வீட்டுக்கு வந்தேன். இருட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர், வாய்க்கால் ஓரமாக.